பட்டை, கருவி, குமிழி: விழித்திரை விலகலுக்கான அறுவை முறைகளின் வரலாறும் மும்பைத் தமிழரும்

1912-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் டெரிக் வெயில், விலகிய விழித்திரையை எத்தனை பேருக்கு மீண்டும் ஒட்டவைக்க முடிந்தது என்று தம் நாட்டு மருத்துவர்களிடம் விசாரித்தார். திரண்ட விடை: ஆயிரத்தில் ஒருவருக்கு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஜூல் கோனின் அந்த நிலையை மாற்றினார். விழித்திரையில் விழும் கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுவதே விலகலுக்குக் காரணம் என்றார். கிழிசலைத் தேடிப்பிடித்துச் சூடிட்டு அடைத்தார். 1929-இல் ஆம்ஸ்டர்டம் உலக மாநாட்டில் அவர் கருத்து ஏற்கப்பட்டது. பின்னால் வந்த முறைகளெல்லாம் அந்தக் கிழிசலை எந்தப் பக்கமிருந்து மூடுவது என்பதில்தான் வேறுபடுகின்றன.

முதல் வழி வெளியிலிருந்து. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் குஸ்டோடிஸ் 1949-இல் கண்ணின் வெண்படலத்தின் மேல் ஒரு பொருளை வைத்துத் தைத்து, சுவரை உள்நோக்கி அழுத்தினார். பாஸ்டனில் சார்லஸ் ஷெப்பன்ஸ் கண்ணைச் சுற்றிப் பட்டை கட்டும் முறையை வளர்த்தார். விழித்திரையின் ஓரம்வரை இரு கண்ணாலும் பார்க்க உதவும் கருவியையும் உருவாக்கினார். இந்த வரலாறு தமிழகத்துக்குள் வருவது இந்த இடத்தில்தான். ஷெப்பன்ஸிடம் பயிற்சி பெற்ற எஸ். எஸ். பத்ரிநாத் 1970-இல் மதராஸ் திரும்பினார். 1978-இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையில் விழித்திரைப் பிரிவை வளர்த்தவர் பெ. நம்பெருமாள்சாமி.

இரண்டாவது வழி உள்ளிருந்து. 1970-இல் மயாமியில் ராபர்ட் மாக்கெமர் சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி, கண்ணுக்குள் இருக்கும் கூழை வெட்டி உறிஞ்சினார். அந்த முதல் நோயாளி நீரிழிவால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தவர். விட்ரெக்டமி எனப்படும் இந்த முறையில் கருவிகள் ஆண்டுக்காண்டு மெலிந்தன. இன்று பல அறுவைகளுக்குத் தையலே வேண்டியதில்லை. கூழ் இருந்த இடத்தில் வாயுவையோ சிலிக்கோன் எண்ணெயையோ நிரப்புவார்கள். மூன்றாவது வழி எளியது: கண்ணுக்குள் வாயுக் குமிழியை ஊசியால் ஏற்றி, கிழிசலை உறைகுளிராலோ லேசராலோ அடைப்பது. மருத்துவர்கள் ஹில்டனும் கிரிசார்டும் 1986-இல் இதை வெளியிட்டனர்.

எது சிறந்தது? ஐரோப்பாவின் 5 நாடுகளில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வை இன்றும் முதலில் படிக்க வேண்டும். சொந்த லென்ஸ் உள்ள கண்களில் ஒரே அறுவையில் ஒட்டிய விகிதம் பட்டை, விட்ரெக்டமி இரு முறையிலும் சமம், ஏறக்குறைய 64 விழுக்காடு. ஆனால் பார்வை பட்டையிலேயே மேம்பட்டது. கண்புரை அறுவை முடிந்த கண்களில் பட்டைக்கு 53, விட்ரெக்டமிக்கு 72. கனடாவில் 2019-இல் வெளியான ஆய்வு ஊசி முறையை விட்ரெக்டமியுடன் ஒப்பிட்டது. ஒரே முயற்சியில் ஒட்டியது ஊசி முறையில் 80.8, விட்ரெக்டமியில் 93.2 விழுக்காடு; ஆனாலும் ஓராண்டு முடிவில் பார்வைத் தெளிவு ஊசி முறையிலேயே மேல். ஆனால் அது கிழிசல் மேற்பகுதியில் இருக்கும் கண்களுக்கே பொருந்தும்.

புதிய முறை பழையதை ஒழித்துவிட்டதாக இந்த எண்கள் எங்கும் சொல்லவில்லை. ஆய்வுகளின் அட்டவணையில் இடம்பெறாத இன்னொரு கணக்கும் இருக்கிறது: நோயாளி வாழும் இடம். வாயு நிரப்பியவர் பல நாள் தலையை மருத்துவர் சொன்ன கோணத்தில், சில வேளை குப்புற, வைத்திருக்க வேண்டும். மும்பைத் தமிழர் மிகுந்த தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில் அது எளிதல்ல. வாஷி சந்தையில் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்கள் குடியிருக்கும் கோபர்கைரனேயில் அத்தனை நாள் கூலியை விடுவதும் எளிதல்ல. குமிழி கரையும்வரை விமானம் ஏறக்கூடாது; உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து குமிழி விரியும், கண்ணழுத்தம் கூடும். புணே வழியாக ஊருக்குப் போகும் ரயில்கூட கர்ஜத்தைக் கடந்து ஏறத்தாழ 620 மீட்டர் உயரத்து லோனாவளாவுக்கு ஏறுகிறது. ஆகவே பொங்கலுக்கோ ஊர்க் கொடைக்கோ புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். எண்ணெய் வைத்தால் பயணத் தடை இல்லை. ஆனால் சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னோர் அறுவை வேண்டும். வாயு சேர்க்காத பட்டைக்கு இந்தத் தடைகள் எதுவும் இல்லை. ஆனால் கண்ணாடிப் பவர் மாறும், சிலருக்கு இரட்டைப் பார்வை வரும். கிட்டப்பார்வை உள்ள, கூழ் இன்னும் இறுகிய நிலையிலிருக்கும் இளம் கண்ணுக்கு என் தேர்வு பட்டையே. அதைக் கற்கும் இளம் மருத்துவர்கள் குறைந்துவருவது எனக்குக் கவலை தருகிறது. கை பழகாத மருத்துவருக்கு முன்னால் நோயாளிக்குத் தேர்வே இல்லை.

பட்டையோ ஊசியோ தனியே தீர்க்காத விலகலும் உண்டு. நீரிழிவில் முளைக்கும் சவ்வு விழித்திரையை இழுத்துப் பிரிக்கும்போது, கண்ணுக்குள் நுழைந்து அந்தச் சவ்வை உரித்தாக வேண்டும். சங்கர நேத்ராலயாவில் பயின்று மும்பை வந்து, மாட்டுங்காவை அடுத்த வடாலாவில் ஆதித்ய ஜோத் மருத்துவமனையை நிறுவிய எஸ். நடராஜன் இந்தத் துறையில் பெயர் பெற்றவர். 2013-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய குழு தாராவிக்குள் சென்று நீரிழிவாளர்களின் விழித்திரையைப் பரிசோதித்தது. புது இரத்தக் குழாய்கள் முளைக்கத் தொடங்கும் கட்டத்திலேயே லேசர் செய்தால் பலருக்குச் சவ்வு வளர்ந்து இழுக்கும் நிலை வராது. எந்த முறை என்ற கேள்விக்கு முன்பே, நோயாளி எந்த வாரத்தில் கண்ணைக் காட்டினார் என்பது பார்வையைத் தீர்மானித்துவிடுகிறது. கிழிசலால் வரும் விலகலிலும் அப்படித்தான்: விழித்திரையின் நடுப்புள்ளி பிரியும் முன் மருத்துவரிடம் வந்தவருக்கு, மூன்று முறைகளில் எது செய்தாலும், எழுத்துப் படிக்கும் பார்வை மிஞ்சும் வாய்ப்பு மிக அதிகம்.