கண்ணாடியில் வார்த்த முகலாயம்: டிரிஃபாரி நகைகளும் அவற்றின் இந்திய மூலமும்

1930களில் அமெரிக்கச் சந்தையில் பரவிய போலி நகைகளுள் ஒருவகை, சேகரிப்பாளரிடையே இன்றும் ‘ஃபுரூட் சாலட்’, அதாவது பழக்கலவை, என்னும் பெயரால் வழங்கி வருகிறது. சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடியில் இலையாகவும் கனியாகவும் வார்க்கப்பட்ட மணிகள், வெண்ணிற உலோகச் சட்டத்தில் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருப்பதே இவற்றின் அடையாளம். உண்ணும் பண்டத்தின் இப்பெயர் அவ்வடிவத்தின் பிறப்பிடத்தை மறைத்துவிட்டது என்பதை எடுத்துக்காட்ட இக்கட்டுரை முற்படுகிறது.

கல்லைப் பட்டை தீட்டி ஒளியைச் சிதறச் செய்வது ஐரோப்பியக் கல்வினைஞரின் நோக்கமாக இருந்தது. முகலாய அரசவைக் கல்வினைஞரோ எடையையும் நிறத்தையும் இழக்க விரும்பவில்லை. கல்லின் இயல்பான வடிவத்தை ஒட்டியே மெருகேற்றி, அதன்மேல் இலை, மலர், கொடி ஆகியவற்றைச் செதுக்கினர். இவ்வாறு செதுக்கப்பட்ட மரகதங்களுள் பல கொலம்பியச் சுரங்கங்களில் தோன்றி, ஸ்பானியர், போர்த்துக்கீசியர் வணிகத்தின் வழியே கோவாவை அடைந்தவை. எனவே ‘தூய இந்திய மரபு’ என இதனைப் போற்றுவதும் பொருந்தாது. கல் அயல்நாட்டினது, கைவினை இந்தியாவினது.

1911ஆம் ஆண்டு தில்லி தர்பாரையொட்டி, கார்த்தியே நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக் கார்த்தியே இந்தியாவிற்கு வந்தார். சமஸ்தான மன்னர்கள் தம் குலநகைகளைப் பிளாட்டினத்தில் புதுப்பித்துக்கொள்ள விரும்பினர். அவரோ செதுக்குமணிகளை விரும்பினார். அம்மணிகளைப் பிளாட்டினத்திலும் வைரத்திலும் பதித்து அந்நிறுவனம் செய்த நகைகள், 1920களிலும் 1930களிலும் ஐரோப்பியச் செல்வச் சீமாட்டியரின் கழுத்தை அணிசெய்தன. டெய்சி ஃபெல்லோஸ் 1936இல் செய்வித்த கழுத்தணி ‘இந்து’ என்னும் அடைமொழியையே பெற்றிருந்தது. ‘டுட்டி ஃபுருட்டி’ என்னும் பெயர் 1970களில்தான் இவ்வகைக்கு நிலைத்தது. இந்து என்பது பிழையான பெயரே. எனினும் அது ஒரு திசையையாவது சுட்டியது.

நியூயார்க்கின் டிரிஃபாரி நிறுவனத்தில் 1930இல் தலைமை வடிவமைப்பாளராகச் சேர்ந்த ஆல்ஃபிரட் பிலிப், அதற்குமுன் கார்த்தியே முதலிய நிறுவனங்களுக்கு நகை செய்துகொடுத்த பட்டறையில் பணியாற்றியவர். பிளாட்டினத்திற்கு மாற்றாக ரோடியம் முலாம், மாணிக்கத்திற்கும் மரகதத்திற்கும் மாற்றாக வார்ப்புக் கண்ணாடி என அவர் அவ்வடிவத்தை மலிவாக்கினார். மலிவு என்றதும் இகழ்ச்சியாகக் கொள்ளலாகாது. நம்மவர் ‘கவரிங்’ நகையை அணிவதுபோல, பொன்னுக்கு வசதியற்ற பெண்ணும் அழகை அணிய அது இடமளித்தது. பதிப்பு வேலையின் நேர்த்தியும் வியக்கத்தக்கது. ஆயின் முகலாய நகைகளின் பின்புறத்தை அழகுசெய்யும் மீனாகாரி வண்ணவேலை இங்கு இல்லை. உடலைத் தொடும் பக்கத்திற்கும் அழகு வேண்டும் என்ற எண்ணம் கடல் கடக்கவில்லை. 1940களின் இறுதியில் அந்நிறுவனம் ‘மொகல்’ என்ற பெயரிலேயே ஒரு நகை வரிசையை வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.

வார்ப்புக் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்றது பொகீமியாவின் காப்லான்ஸ் நகர். இன்று செக் குடியரசில் யாப்லோனெட்ஸ் என வழங்குகிறது. இந்தியப் பெண்களின் கண்ணாடி வளையல்களையும் அந்நகர் பெருமளவில் ஏற்றுமதி செய்துவந்தது. ஆக, போலிக்கும் மூலத்திற்கும் இடையேயான போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை.

தன் வடிவங்களைப் பிறர் நகலெடுப்பதை எதிர்த்து டிரிஃபாரி நிறுவனம் சாரெல் என்னும் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. போலி நகையும் பதிப்புரிமைக்குரிய கலைப்படைப்பாகலாம் என நியூயார்க் கூட்டரசு நீதிமன்றம் 1955இல் ஏற்றது. அத்தீர்ப்பு செதுக்குமணி வடிவங்களுக்கு மட்டும் உரியதன்று. போலி நகைத் தொழில் முழுவதற்கும் அது அரணாயிற்று. ஆக்ராவிலும் ஜெய்ப்பூரிலும் கல் செதுக்கியவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட எஞ்சவில்லை. பதிவு செய்யப்பட வேண்டிய உரிமையாக வடிவத்தை அவர்கள் கருதியிருக்கவும் வாய்ப்பில்லை.