விழா இல்லா நாளில் திருவையாறு

காவிரியின் வடகரைத் தலங்களுள் திருவையாற்றை அறியாத சைவ அன்பர் இலர். ஆயினும், பெரும்பாலோர் அறிந்தது இரண்டு நாள் திருவையாறே: தை மாதத்தை ஒட்டி வரும் தியாகராஜ சுவாமிகள் ஆராதனை ஒன்று, சித்திரையில் ஏழூர்ப் பல்லக்குகளும் கூடும் சப்தஸ்தானம் மற்றொன்று. அந்நாட்களில் இறைவனைத் தொழுது மீள்வதே அரிது. கல்லிலே பொறித்ததைக் கண்டு நிற்க எவருக்கு இடமுண்டு?

ஆகவே வைகாசியில், விழா ஏதுமில்லாத ஒரு நாளில், தஞ்சையிலிருந்து விடியலில் புறப்படுதல் நன்று. வழி ஏறத்தாழ 13 கிலோமீட்டரே. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கலாம். மேட்டூர் அணை திறவாத காலமாதலால் அவை பெரும்பாலும் வெண்மணலாகவே கிடக்கும். அதனால் குறையொன்றுமில்லை, ஊரின் பெயர்க் காரணம் பாலங்களில் தெளிவாக விளங்கும்.

ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் வணங்கி, கயிலைக் காட்சியை அப்பர் பெருமான் பெற்ற தலம் இதுவென்று நினைந்து, பிராகாரத்தில் நடப்பவர்க்கு அமைதியே பெரும்பேறு. ஐயாறா என்று அழைத்தால் பலமுறை எதிரொலிக்கும் மூலை ஒன்று அங்குண்டு. கூட்டமில்லாத நாளில்தான் அவ்வொலி செவிக்கு எட்டும்.

இவ்வாலயத்துள்ளேயே வடகயிலாயம் என்னும் தனிக்கோயில் நிற்கிறது. முதலாம் இராஜராஜனின் (985–1014) பட்டத்தரசி, தந்திசக்தி விடங்கி என்னும் உலோகமாதேவியார் எழுப்பியது அது. உலோகமாதேவீச்சரம் என்று தம் பெயராலேயே அவர் அதை விளங்கச் செய்தார். கணவன் தஞ்சையில் வானளாவ எடுத்த பெருங்கோயிலை உலகமே அறியும். மனைவி இங்கு எடுத்த சிறுகோயிலை அறிந்தார் சிலரே. அளவிற் சிறிதாயினும் கற்பணி செவ்விது. அதன் கல்வெட்டுகளில் இறைவனுக்கு அளித்த பொன் அணிகளும், விளக்குகளுக்கு வைத்த நிவந்தங்களும் காணப்படுகின்றன. அளித்த கை மறைந்து ஆயிரம் ஆண்டுகள் ஆயின. அளித்த பொருளின் கணக்கு இன்றும் சுவரில் இருக்கிறது.

உச்சிவேளைக்குப்பின் நடை சாத்தியதும் காவிரிக்கரைக்குச் செல்லலாம். 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் இறைவனடி சேர்ந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதி அக்கரையில் உள்ளது. அது பேணுவாரின்றிச் சிதைந்திருந்த நிலையைக் கேள்வியுற்று உருகியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபிற் பிறந்த அவ்வம்மையார், இசையால் ஈட்டிய தம் செல்வத்தைக் கொண்டு 1921இல் அடிக்கல் நாட்டுவித்து, 1926இல் குடமுழுக்கும் நிறைவேற்றினார். அவ்வாறு செய்தும், ஆராதனையிலே ஆடவர்க்குரிய கச்சேரி வரிசையில் பெண்டிர்க்கு இடம் கிடைக்கவில்லை. கொடையைக் கொள்ளும் கை, கொடுத்தவரின் குரலைக் கொள்ள மறுத்தது! அவர் சினந்து விலகவில்லை. பெண்டிரைக் கூட்டித் தனியே பாடினார். பிரிந்திருந்த தரப்புகள் 1940ஆம் ஆண்டளவில் ஒன்றுபட்டபின் மகளிர்க்கும் அம்மேடை உரியதாயிற்று. தம் செல்வத்தைச் சமாதிக்கே எழுதிவைத்து 1952இல் அவர் மறைந்தார்.

தை மாதப் பந்தலில் இத்தனையையும் எண்ணிப் பார்க்க இயலாது. ஆளரவமற்ற வைகாசிப் பிற்பகலில் வருவோர், சுவாமிகளின் சந்நிதியை நோக்கிக் கைகூப்பிய கோலத்தில் அம்மையாரின் திருவுருவம் அமைந்திருப்பதைக் காணலாம். விளக்கு வைக்கும் வேளைக்குள் தஞ்சை திரும்பப் பேருந்துகள் உண்டு.