பெப்ட்-1: ஒரு பெயரின் பூர்வீகம்

தொண்டைப் புண்ணுக்கோ தோல் கொப்புளத்துக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த செஃபலெக்சின் மாத்திரையை, திருச்சி கே.கே. நகர் மருந்துக் கடை ஒன்றில் ஒருவர் வாங்கி விழுங்குகிறார். அது சிறுகுடலைத் தாண்டி உடம்புக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. காலையில் தின்ற உளுந்து வடையின் புரதத்தில் பெரும்பங்கும் அந்த வழியாகத்தான் போகிறது. குடல் செல்களின் சவ்வை 12 முறை ஊடுருவி நிற்கும், 708 அமினோ அமிலங்களால் ஆன அந்தப் புரதத்தின் பெயர் பெப்ட்-1.

இந்தப் பெயரின் கதை 1836-இல் தொடங்குகிறது. ஜெர்மானிய உடலியலாளர் தியோடர் ஷ்வான், இரைப்பையில் புரதத்தைக் கரைக்கும் பொருளைக் கண்டறிந்து அதற்குப் ‘பெப்சின்’ என்று பெயர் வைத்தார். விலங்குடல் முழுவதும் செல்களால் ஆனது என்று 1839-இல் ஒரு நூலின் வழியே நிறுவியவரும் அவரே. அந்த நூலில்தான் செல்லுக்குள் நடக்கும் வேதி மாற்றங்களை ‘மெட்டபாலிக்’ என்று அழைத்தார். நாம் வளர்சிதை மாற்றம் என்றும் இலங்கைத் தமிழர் அனுசேபம் என்றும் சொல்வது அதைத்தான்.

பெப்சினுக்கு வேர், கிரேக்கத்தின் ‘பெப்’. சமைத்தல், பழுத்தல், செரித்தல் என மூன்று பொருளும் அதற்கு உண்டு. மொழியியலார் இதற்கு உடன்பிறப்பாகக் காட்டும் வேர் வடமொழியின் ‘பச்’. அதிலிருந்து வந்த ‘பக்வ’ என்பதே தமிழில் பக்குவமாகி நம் வீட்டில் புழங்குகிறது. குழம்புக்குப் பக்குவம் பார்க்கிறோம். மாம்பழம் பக்குவமாயிற்று என்கிறோம். நளபாகத்தின் ‘பாகம்’ அதே வேர். செரிமானத்துக்கான பித்தத்தை ஆயுர்வேதம் ‘பாசகம்’ என்பதும் அதே வேரில்தான். உண்டதைச் செரிப்பது வயிற்றுக்குள் நடக்கும் இரண்டாவது சமையல் என்று கிரேக்கரும் நினைத்திருக்கிறார்கள், நம்மவரும் நினைத்திருக்கிறார்கள். 1898-இல் அமெரிக்க மருந்துக்கடைக்காரர் கேலப் பிராட்ஹாம் தம் பானத்துக்கு இட்ட ‘பெப்சி’ என்ற பெயரும், அஜீரணத்தைக் குறிக்கும் ‘டிஸ்பெப்சியா’ வழியாக இந்தக் குடும்பத்தில் சேர்ந்தது.

1902-இல் எமில் ஃபிஷர், அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிக்குப் ‘பெப்டைடு’ என்று பெயர் சூட்டினார். புரதம் செரித்து வரும் துண்டு என்பது அதன் உட்பொருள்.

அந்தத் துண்டுகள் குடலுக்குள் நுழையும் விதத்தைத் துலக்கியவர்களில் முக்கியமானவர் வடிவேல் கணபதி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியிலும், பின்னர் டெக்சாஸ் டெக்கிலும் ஆய்வு செய்தவர். சர்க்கரையும் பல அமினோ அமிலங்களும் சோடியத்தின் துணையோடு செல்லுக்குள் போவது அப்போது தெரிந்திருந்தது. பெப்டைடுகளை உள்ளே தள்ளுவது சோடியம் அன்று, ஹைட்ரஜன் அயனி என்று முயலின் குடலிலும் சிறுநீரகத்திலும் எடுத்த சவ்வுக் குமிழிகளைக் கொண்டு அவரும் ஃபிரெடரிக் லைபாக்கும் 1980-களில் காட்டினார்கள். குடல் சுவரை ஒட்டிய லேசான அமிலத்தன்மையே இந்த வேலைக்குரிய ஆற்றலைத் தருகிறது. 1994-இல் முயலின் பெப்ட்-1 மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மனிதனுடையதை ஜார்ஜியா குழு வெளியிட்டது. பெப்டைடைக் கொண்டு செல்வது என்ற பொருளில் அமைந்த பெயர் அப்படியே நிலைத்தது.

இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகளையே இந்தப் புரதம் ஏற்கும். செஃபலெக்சினின் வடிவம் அத்தகைய துண்டைப் போல இருப்பதால் அதையும் உள்ளே விடுகிறது. உள்ளே வந்த பெப்டைடு தனி அமினோ அமிலங்களாகப் பிரிந்து இரத்தத்தில் சேர்ந்து, உடலின் புதுப் புரதமாகிறது. சிதைவும் வளர்ச்சியும் அடுத்தடுத்து நடப்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

மரபணுப் பட்டியலில் இதற்கு எஸ்.எல்.சி.15ஏ1 என்றும் ஒரு பெயர் உண்டு. அது வரிசை எண். பெப்ட்-1 என்பதோ செய்யும் தொழிலையே சொல்லும் பெயர். மாணவர் நெஞ்சில் நிற்பது இப்படிப்பட்ட பெயர்தான். செரிமானப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெப்சின், பெப்டைடு, பெப்ட்-1 என்று கரும்பலகையில் எழுதும்போது, பக்கத்தில் ‘பக்குவம்’ என்றும் எழுதுங்கள். பிள்ளைகள் அவற்றை உறவாகவே அறிந்துகொள்வார்கள்.