திருவொற்றியூரின் இரண்டு வண்டிகள்
கணினி வாங்குவோர் இன்று இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் அம்சங்களை ஒப்புநோக்குவது போலவே, 1990-களில் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையின் இருவகை மோட்டார் சைக்கிள்களை ஜனங்கள் சீர்தூக்கிப் பார்த்தனர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ஆங்கிலேய என்ஃபீல்டு கம்பெனியும் கூடி நிறுவிய அந்த ஸ்தாபனத்தின் பெட்ரோல் புல்லட், 346 சி.சி. கொள்ளளவும் சுமார் 18 குதிரைசக்தியும் உடையது. டாரஸ் என்னும் டீசல் வண்டியோ, 325 சி.சி. இருந்தும், ஏறத்தாழ ஆறரைக் குதிரைசக்தியே தந்தது. டீசல் எஞ்சின் தீப்பொறியை நாடாது, காற்றை மிகுதியாக அழுத்தி, அந்த உஷ்ணத்தாலேயே எரிபொருளைப் பற்றவைப்பதால், அதன் பாகங்கள் கனத்து, சுழல்வேகம் குறைந்துவிடுகிறது. ஆயினும், காகிதத்திலுள்ள சக்தியை மாத்திரம் கண்டு டாரஸை இகழ்தல் நியாயமன்று. வேகத்தைத் துறந்து எரிபொருட் சிக்கனத்தை விரும்பிய கிராமவாசிக்கும் வியாபாரிக்கும் அதுவே உத்தமமான வாகனம்.