ஓசூர் குளிருக்கு இலவச விறகு: எங்கே கேட்கலாம், எதை எரிக்கவே கூடாது?

மார்கழி மாசம் ஓசூர்ல காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்குப் போறவங்களைக் கேட்டுப் பாருங்க. நாலரை மணிக்குப் பைப்பைத் திறந்தா வர்ற தண்ணி, கையில பட்டதுமே தூக்கத்தைக் கலைச்சிடும். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர், குளிராம என்ன செய்யும்? வாடகை வீட்டில் பெரும்பாலும் கீசர் கிடையாது. ஹீட்டர் கம்பி போட்டால், மாசக் கடைசியில் ஹவுஸ் ஓனர் கரன்ட் கணக்கோடு வந்து நிற்பார். அதனால்தான் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஏரியாக்களில் வீட்டுக்குப் பின்னால் மூணு கல், அதுமேல ஒரு அண்டா என்ற ஏற்பாடு இன்னமும் உயிரோடு இருக்கிறது.

தமிழில் விறகு, தெலுங்கில் கட்டெலு, கன்னடத்தில் சௌதே. மூன்று மொழியும் புழங்கும் இந்த எல்லை ஊரில் எந்த மொழியில் கேட்டாலும் கிடைக்கும் பொருள்தான். ஆனால் 'கட்டைதானே, எங்கேயாவது பொறுக்கிக்கலாம்' என்று பைக்கை எடுப்பதற்கு முன்னால், ஒரு அஞ்சு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க.

முதல்ல கணக்கு

ஒரு பக்கெட், அதாவது 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திறந்த மூணு கல் அடுப்பில் விறகின் சூட்டில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். பத்திலிருந்து பதினைந்து சதவிகிதம்தான் பாத்திரத்துக்குள் போய்ச் சேரும். அந்தக் கணக்கில் ஒரு பக்கெட்டுக்குச் சுமார் ஒரு கிலோ காய்ந்த விறகு தேவை. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு மாசம் 120 கிலோ.

இதே பக்கெட்டை ஹீட்டர் கம்பியில் சூடாக்கினால் ஒரு யூனிட் மின்சாரம்கூட ஆகாது. முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். உங்க வீட்டில் யூனிட்டுக்கு என்ன ரேட் வாங்குகிறார்கள் என்று பார்த்து, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். விறகு இலவசமாகக் கிடைத்தாலும், அதைக் கொண்டுவர பெட்ரோல், வெட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுக்கி வைக்க இடம் எல்லாம் உங்க கணக்குதான். ஒரே அண்டாவில் நாலைந்து பேருக்குக் காய்ச்சும் வீட்டுக்கு இது லாபம். தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருப்பவருக்கு அவ்வளவாக லாபமில்லை.

சமையலுக்கும் இதே கதைதான். 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் செய்யும் வேலையை மூணு கல் அடுப்பில் செய்ய, தோராயமாக 200 கிலோ விறகு வேண்டும்.

காட்டுப் பக்கம் போகவே வேண்டாம்

தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி, அஞ்செட்டி, சானமாவு... பேரைச் சொன்னாலே பச்சைப் பசேல் என்று இருக்கும். வழி நெடுக சுள்ளியும் கிடக்கும். ஆனால் அது இலவச விறகு இல்லை.

முதல் காரணம், யானை. ஒவ்வொரு வருஷமும் ராகி அறுவடையை ஒட்டி, கர்நாடகாவின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் வரும். தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுகளில் வாரக்கணக்கில் முகாம் போடும். அந்த மாதங்களில், 'விறகு பொறுக்கவோ, மாடு மேய்க்கவோ காட்டுக்குள் போக வேண்டாம்' என்று வனத்துறை சுற்றுக் கிராமங்களை எச்சரிப்பது வழக்கம். விறகைத் தனியாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விறகு பொறுக்குபவர் குனிந்தே நடக்கிறார். கண் தரையில் இருக்கிறது. சுள்ளி ஒடியும் சத்தத்தில் வேறு சத்தம் காதில் விழாது. புதருக்குப் பின்னால் நிற்கும் யானை அசையாமல் நின்றால், பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது.

இரண்டாவது காரணம், சட்டம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்தது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் சரணாலயத்திலிருந்து வனப்பொருள் எதையும் எடுக்கக் கூடாது. அந்தச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் கத்தியும் வருகிறது. ஆக, இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு அனுமதி இல்லாமல் உள்ளே போவதே தனிக் குற்றம். சரணாலயத்துக்கு வெளியே உள்ள காப்புக்காடுகளுக்கு 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது.

காட்டில் தலைமுறைகளாக வாழும் மக்களுக்கு 2006-ன் வன உரிமைச் சட்டம் சுள்ளி, வேர்க்கட்டை உட்பட சிறு வனப்பொருள்கள் மீது உரிமை தருகிறது. அது அவர்களுக்கான உரிமை. பைக்கில் போகும் நமக்கு அது பொருந்தாது.

அப்போ எங்கேதான் கிடைக்கும்?

மாந்தோப்பு: கிருஷ்ணகிரி என்றாலே மாம்பழம்தானே. அறுவடை முடிந்து ஆடி, ஆவணியில் தோப்புகளில் கிளை கழிப்பார்கள். வெட்டிய கிளைகளை அப்புறப்படுத்துவது தோட்டக்காரருக்கே ஒரு வேலை. 'அண்ணே, கழிச்ச கிளையை நானே வெட்டி எடுத்துக்கிறேன், தோட்டத்தையும் சுத்தம் பண்ணிக் கொடுத்துடுறேன்' என்று கேட்டுப் பாருங்கள். பல பேர் சரி என்பார்கள். ஆனால் சொன்னபடி மிலாறு வரைக்கும் அள்ளிச் சுத்தம் செய்துகொடுக்க வேண்டும். பெரிய கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினால், அடுத்த வருஷம் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

தென்னந்தோப்பு: மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி. நீண்ட நேரம் நின்று எரியாது. பற்றவைக்க இதைவிட நல்லது இல்லை.

சாய்ந்த மரம்: கோடை மழைக் காற்றில் ரோட்டோரப் புளியமரம் விழுவது சகஜம். விழுந்த மரம் பொதுச்சொத்து. ரோட்டைப் பொறுத்து நெடுஞ்சாலைத் துறையோ, மாநகராட்சியோ, ஊராட்சியோ அதற்குப் பொறுப்பு. அவர்களிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். மின்கம்பியோடு சேர்ந்து விழுந்திருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள்.

பேக்கிங் கட்டை: நம்ம ஏரியாவின் ஸ்பெஷல் இதுதான். மெஷினும் உதிரிப் பாகமும் வந்திறங்கும் மரப்பெட்டி, பேலட். பெரிய கம்பெனிகள் இதை ஸ்கிராப் கான்ட்ராக்டருக்கு விற்றுவிடும். அங்கே கேட் பாஸ் இல்லாமல் ஒரு துண்டுகூட வெளியே வராது, முயற்சியும் செய்யாதீர்கள். சின்ன ஒர்க்‌ஷாப்களில் மூலையில் குவிந்துகிடக்கும். முதலாளியிடம் நேரில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கேட்டுக்கு வெளியே கிடக்கிறதே என்று தூக்கினால், அதற்குப் பெயர் திருட்டு.

பேலட்டில் இந்த முத்திரையைப் பாருங்க

ஏற்றுமதி, இறக்குமதிக்கான மரப்பெட்டிகளில் பூச்சி பரவாமல் இருக்க, 2002 முதல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி இருக்கிறது. அதன்படி கட்டையின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னம், நாட்டின் குறியீடு, இரண்டு ஆங்கில எழுத்துகள் என்று முத்திரை குத்தியிருப்பார்கள். அந்த இரண்டு எழுத்துகள்தான் முக்கியம்.

'ஹெச்.டி.' என்றால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடேற்றியிருக்கிறார்கள். ரசாயனம் இல்லை; எரிக்கலாம்.

'எம்.பி.' என்றால், மீத்தைல் புரோமைடு என்ற விஷவாயுவால் பூச்சி நீக்கம் செய்தது. இதை அடுப்பில் வைக்காதீர்கள்.

முத்திரையே இல்லை என்றால், என்ன மரம், எதை ஏற்றி வந்தது என்று கேளுங்கள். எண்ணெய், கூலன்ட், பெயின்ட் கறை படிந்த கட்டை எதுவாக இருந்தாலும் முத்திரையைப் பார்க்காமலேயே ஒதுக்கிவிடுங்கள்.

எரிக்கவே கூடாதவை

பிளைவுட், எம்.டி.எஃப்., லேமினேட் ஒட்டிய பழைய ஃபர்னிச்சர்: பசையும் பிசினும் எரிந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் புகை வரும்.

பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல்: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அது புகையிலும் சாம்பலிலும் சேரும்.

அரளி: நெடுஞ்சாலை நடுவில் பூத்துக் குலுங்குமே, அதேதான். செடி முழுக்க விஷம், புகையும் ஆகாது. குச்சியாக்கி எதையும் சுட்டுச் சாப்பிடவும் கூடாது.

கள்ளி, எருக்கு: வெட்டும்போது தெறிக்கும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கருவி லிஸ்ட்

அரிவாள்: மணிக்கட்டுத் தடிமன் வரை உள்ள கிளைக்கு இதுவே போதும்.

வில் ரம்பம்: வளைந்த கம்பியில் பிளேடு மாட்டியது. ஆன்லைனில் போ-சா என்று தேடினால் வரும். புதுசா விறகு வெட்டுறவங்களுக்குக் கோடாலியைவிட இது பாதுகாப்பு. கட்டையை அளவாகத் துண்டு போட முதலில் இதைத்தான் வாங்க வேண்டும்.

கோடாலி: ஒன்றரை, இரண்டு கிலோ எடை போதும். காம்பில் தலை ஆடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆடினால் அன்றைக்கு வேலை இல்லை.

இரும்பு ஆப்பும் சம்மட்டியும்: புளி மாதிரி முறுக்கு விழுந்த கட்டையைப் பிளக்க.

கடப்பாரை: பேலட்டைப் பிரிக்கவும் ஆணி பிடுங்கவும்.

ஷூவும் கண்ணாடியும்: இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவை கம்பெனியில் கொடுத்திருப்பார்கள் அல்லவா, லீவு நாளில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். செருப்போடு கோடாலி பிடிக்காதீர்கள். கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி கட்டாயம்.

வாங்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. ஆங்கிள் கிரைண்டரில் மாட்டி மரம் அறுக்கும் செயின் அட்டாச்மென்ட் என்று ரீல்ஸில் வருகிறதே, அது. கிரைண்டர் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. முறையான செயின் சாவில், எகிறினால் சங்கிலியை நிறுத்தும் பிரேக் உண்டு, இதில் இல்லை. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் விரலை இழக்காதீர்கள்.

வெட்டும்போது

தரையில் வைத்து வெட்டாதீர்கள். அடியில் அகலமான முட்டுக்கட்டை ஒன்றைப் போட்டு, அதன் மேல் துண்டை நிறுத்துங்கள். கால் இரண்டையும் அகட்டி, கோடாலி இறங்கும்போது முழங்காலையும் மடக்குங்கள். குறி தவறினாலும் அடி தரையில்தான் விழும், கணுக்காலில் விழாது. ஏற்கெனவே விரிசல் இருக்கும் இடத்தில் போடுங்கள். கணு இருக்கும் பக்கத்தில் போட்டால் கோடாலி சிக்கிக்கொள்ளும். சுற்றி பத்தடிக்குள் குழந்தைகள் இருக்கக் கூடாது. அரிவாளால் வெட்டும்போது துண்டை இன்னொரு கையால் பிடிக்காதீர்கள், கவைக்குச்சியால் அழுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டினதும் எரிக்காதீங்க

பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர்தான். அதை எரித்தால் உங்க அண்டாவுக்கு முன்னால் கட்டையில் உள்ள தண்ணீர்தான் கொதிக்கும். வீடு முழுக்கப் புகை. ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே வர வேண்டும். முழுக்கட்டை காய ஆறு மாசத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஆவணியில் வெட்டி, மணிக்கட்டு அளவுக்குப் பிளந்து வைத்தால் மார்கழிக்குத் தயார். செங்கல் மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் தார்ப்பாய், பக்கவாட்டில் காற்று போகட்டும். இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று மங்கலாகக் கேட்டால் பச்சை, 'டங்' என்று கணீரெனக் கேட்டால் காய்ந்தது. நுனியில் விரிசல் விட்டிருப்பதும் நல்ல அடையாளம்.

எடுக்கும்போது கையை நேராக விடாதீர்கள். விறகுக் குவியல் தேளுக்கும் கண்ணாடி விரியனுக்கும் பிடித்த வீடு. முதலில் குச்சியால் தட்டுங்கள். ராத்திரி என்றால் மொபைல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கடைசியா, ரொம்ப முக்கியமானது

வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதனால் அடுப்பு எப்போதும் வெளியில்.

இதையும்விட வேகமாகக் கொல்வது, மூடிய அறையில் வைக்கும் கனல். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து ஒரே ரூமில் ஐந்தாறு பேர் தங்கியிருப்பவர்கள், குளிருக்கு ஒரு சட்டியில் கனலைப் போட்டு உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவதுண்டு. புகை வராத கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போகலாம். உங்க லைனில் பக்கத்து ரூமில் இப்படி யாராவது செய்தால், மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கதவைத் தட்டி அந்தச் சட்டியை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆவணி வந்ததும் ஒரு மாந்தோப்புக்காரரிடம் பேசி வையுங்கள். மார்கழியில் வெந்நீர் ரெடி!