இளம்பிள்ளை வாதம்: நோய் நீங்கிய பின்

டென்மார்க்கு நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் ஒரு கலைக்காட்சிச்சாலை உள்ளது. அங்கே, ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் செதுக்கப்பெற்ற கற்பலகை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ரோமா என்னும் பெயருடைய வாயிற்காவலன் ஒருவன், மனைவியும் மகனும் உடன் நிற்க, தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்தும் காட்சி அது. அவனுடைய கால்களில் ஒன்று சூம்பிப் போயிருக்கிறது. பாதம் தரையில் முழுமையாகப் பதியவில்லை. நீண்ட கோல் ஒன்றைத் தோளோடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். இது இளம்பிள்ளை வாதத்துக்கு நாம் அறிந்த மிகப் பழைய சான்று என்பர் மருத்துவ வரலாற்றாசிரியர் பலர். வேறு காரணம் கூறுவோரும் உளர். அவனுக்குக் காய்ச்சல் கண்டது எந்த வயதில் என்று இன்று சொல்ல முடியாது. சிற்பி கண்டது, காய்ச்சல் தணிந்து பல்லாண்டு கழிந்த பிறகு அம்மனிதன் வாழ்ந்த வாழ்க்கையை. மாணவ நண்பர்களே, நான் இன்று பேசப் புகுவதும் அந்தப் பிற்கால வாழ்க்கையின் வரலாறே.

போலியோ என்று உலகம் வழங்கும் இந்நோயைப் பற்றி இலண்டன் மருத்துவர் மைக்கேல் அண்டர்வுட் 1789இல் எழுதினார். ஜெர்மானிய மருத்துவர் ஜேக்கப் ஹைனே 1840இல் இதனைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். இதற்குக் காரணம் வடிகட்டியிலும் தங்காத நுண்ணிய வைரஸ் என்பதை 1908இல் வியன்னா நகரில் லேண்ட்ஸ்டைனர், பாப்பர் என்னும் இருவர் குரங்குகளைக் கொண்டு மெய்ப்பித்தனர். குடலில் பெருகும் இவ்வைரஸ் பெரும்பாலோரை ஒன்றும் செய்வதில்லை. தொற்றுக்கு ஆளான இருநூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே அது நரம்பு மண்டலத்தைத் தாக்கி, மீளாத வாதத்தை உண்டாக்குகிறது. அந்த ஒருவரின் தண்டுவடத்தில், தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் மடிகின்றன. மடிந்த நரம்பணு மீண்டும் முளைப்பதில்லை.

இங்கே ஒரு விந்தையைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். சுகாதாரம் குறைந்த ஊர்களில் குழந்தைகள் தாய்வழி வந்த நோய்த்தடுப்பாற்றல் தீருமுன்பே இவ்வைரசை எதிர்கொண்டனர். ஆதலால் பெரும்பாலோர்க்கு ஊறு நேரவில்லை. நல்ல குடிநீரும் சாக்கடை வசதியும் பெற்ற நாடுகளிலோ, குழந்தைகள் சற்று வளர்ந்த பிறகே முதன்முதலாக இதனைச் சந்தித்தனர். அதனால் கொள்ளைநோயாக இது பரவியது செல்வ நாடுகளில்தான் என்று அறிஞர் விளக்குவர். 1916ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 27,000 பேர் நோயுற்றனர். 6,000 பேர் மாண்டனர்.

1952ஆம் ஆண்டுக் கோடையில் அதே கோபன்ஹேகன் நகரை இந்நோய் சூறையாடியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் நாள்தோறும் வந்து குவிந்தனர். உடலை உள்ளே வைத்துக் காற்றழுத்தத்தால் மூச்சுவிடச் செய்யும் ‘இரும்பு நுரையீரல்’ அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதல் மூன்று வாரங்களில் இவ்வாறு வந்த 31 பேரில் 27 பேர் இறந்தனர். பியோர்ன் இப்சென் என்னும் மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தலாம் என்றார். ஆகஸ்டு 27ஆம் நாள், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அம்முறையைச் செய்து காட்டினார், அவள் பிழைத்தாள். ஆனால் பையை இரவும் பகலும் இடைவிடாது யார் அழுத்துவது?

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து, பல மாத காலம் அந்தப் பைகளை அழுத்தினர். உங்களை ஒத்த வயதினர் அவர்கள். தம் கை ஓய்ந்தால் எதிரே கிடக்கும் குழந்தையின் மூச்சு ஓயும் என்பதை அறிந்தே ஒவ்வொருவரும் அமர்ந்திருந்தனர். நூற்றுக்கு எண்பதுக்கு மேலிருந்த மரணம் நாற்பதளவுக்கு இறங்கியது. இன்று மருத்துவமனை தோறும் காணும் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே தோன்றியது என்பது வரலாறு. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகின்றன. அடுத்துச் சால்க்கின் தடுப்பூசி வெற்றி பெற்றதென 1955இல் அறிவிக்கப்பட்டதும், பின்னர் சேபினின் சொட்டு மருந்து வந்ததும் கூறப்படும். பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்?

அவர்களுக்கு உலகம் கொடுத்த அறிவுரை ஒன்றுதான்: முயற்சி செய். ஆஸ்திரேலியச் செவிலியர் எலிசபெத் கென்னி, கட்டுப்போட்டு அசையாமல் கிடத்தும் பழைய முறையை எதிர்த்து, வெந்நீர்க் கம்பளி ஒற்றடமும் பயிற்சியும் கொண்டு தசைகளைப் பழக்கினார். 1921இல் தம் 39ஆம் வயதில் கால்கள் செயலிழந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், எஃகுப் பட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு மேடையேறி நின்று, 1933 முதல் 1945 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கினார். (அவருக்கு வந்தது வேறொரு நரம்பு நோயாகவும் இருக்கலாம் என்று 2003இல் சில ஆய்வாளர் எழுதினர், அது ஒருபுறம் நிற்க.) தம் சக்கர நாற்காலியைப் பொதுமக்கள் காணாதவாறு அவர் மறைத்தார் என்பதையும் நாம் நினைவில் வைத்தல் வேண்டும். குறையை வென்றவன் அதனைப் பேசமாட்டான் என்பது அக்காலத்தின் எண்ணம். அவ்வெண்ணத்தில் வளர்ந்த பிள்ளைகள் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்தனர், படித்தனர், பணியேற்றனர், குடும்பம் நடத்தினர்.

முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அவர்களுள் பலருக்குப் புதிய தளர்ச்சி தோன்றியது. படியேறிய கால் படியேற மறுத்தது. நோய் தொடாததாக எண்ணிய கையும் வலுவிழந்தது. மூட்டுகளில் வலி, உறங்கினாலும் தீராத அயர்வு. மருத்துவரிடம் சென்றால், ‘போலியோ ஒருமுறை வந்து போவது, திரும்பாது. இது முதுமை, அல்லது மனக்கவலை’ என்ற விடை கிடைத்தது. உண்மையில் இச்செய்தி மருத்துவ உலகுக்குப் புதிதன்று. 1875ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் ரேமண்ட், குழந்தைப் பருவத்தில் வாதமுற்று, 19 வயதில் புதிதாகத் தளர்ச்சியடைந்த தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார். கடும் உழைப்பு, முன்பே நலிந்த நரம்பணுக்களை வாட்டியிருக்கலாம் என்று பேராசிரியர் ஷார்கோ கருத்துரைத்தார். அக்கருத்து நூறாண்டுக் காலம் நூலகத் தூசியில் கிடந்தது.

அதனை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தவை நோயாளிகளின் கடிதங்கள். அமெரிக்காவில் ஜினி லாரி என்னும் அம்மையார் இருந்தார். 1912இல் போலியோவால் இறந்த தம் தமக்கையர் இருவரின் பெயர்களையே தாம் தாங்கியவர். அவர் போலியோவிலிருந்து மீண்டவர்களுக்கென 1958 முதல் ஓர் இதழ் நடத்திவந்தார். ஒருவரையொருவர் அறியாத வாசகர்கள், வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே குறையை அவருக்கு எழுதினர். ஒருவர் சொன்னால் கற்பனை என்று ஒதுக்கலாம், நூற்றுவர் சொன்னால்? 1981இல் சிகாகோவில் அவர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். ‘போலியோ நோயாளி என்னதான் ஆனார்?’ என்பதே அதன் தலைப்பு. 1984இல், ரூஸ்வெல்ட் நிறுவிய வார்ம் ஸ்பிரிங்ஸ் சிகிச்சை நிலையத்தில் மருத்துவர்கள் இதற்கென்றே கூடினர். அக்கூட்டத்துக்கு முன்னின்றவருள் ஒருவரான டாக்டர் லாரோ ஹால்ஸ்டெட், 1954இல் மாணவராக ஐரோப்பாவில் பயணம் செய்தபோது போலியோவுக்கு ஆளானவர். பின்னர் ஜப்பானின் ஃபூஜி மலையில் ஏறியவர். நடுவயதில் தாமே புதிய தளர்ச்சியை உணர்ந்தவர். இந்நிலை இன்று ‘போஸ்ட் போலியோ சிண்ட்ரோம்’ எனப்படுகிறது. மீண்டவர்களுள் நூற்றுக்கு 25 முதல் 40 பேர்வரை இதற்கு ஆளாகலாம் என்பது ஒரு மதிப்பீடு.

வைரஸ் திரும்பி வந்துவிட்டதா? இல்லை, இது பிறருக்குத் தொற்றவும் தொற்றாது. பின் நிகழ்வதென்ன? ஒரு பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆசிரியர்களில் ஏழு பேர் ஒரே நாளில் இல்லாமற் போகின்றனர். எஞ்சிய மூவர், ஆசிரியரில்லா வகுப்புகளையும் தம் பொறுப்பில் ஏற்று நடத்துகின்றனர். பள்ளி நடக்கிறது, வெளியார் பார்த்தால் குறை தெரியாது. நரம்பணுக்களும் இவ்வாறே செய்கின்றன. எஞ்சிய ஒவ்வொன்றும் புதிய கிளைகளை விட்டு, நரம்பிழந்து நிற்கும் தசை இழைகளைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. தன் இயல்பான சுமையைப்போல் பன்மடங்கு சுமக்கிறது. அப்பிள்ளைகள் எழுந்து நடந்தது இதனால்தான். ஆனால் அம்மூன்று ஆசிரியர்களும் முப்பது ஆண்டுகள் அப்படியே நடத்த இயலுமா? காலம் செல்லச் செல்ல, அக்கிளைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. தசை இழைகள் மீண்டும் ஆதரவிழக்கின்றன. இதுவே பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கும் விளக்கம்.

இதனை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. ஆகவே மருத்துவர் கூறும் நெறி, அவர்கள் சிறுவயதில் கேட்டதற்கு ஏறக்குறைய எதிரானது. களைப்பு வருமுன் ஓய்வெடுக்க வேண்டும். அளவறிந்து, வல்லுநர் சொற்படி உடற்பயிற்சி செய்ய வேண்டும். கழற்றிவைத்த காலிபரை மீண்டும் பூட்ட நேரின் தயங்கலாகாது. உறக்கத்தில் மூச்சுத் திணறல் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை நேர்ந்தால், தமக்கு முன்னர்ப் போலியோ வந்ததை மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். எழுதுவது எளிது. வாழ்நாள் முழுவதும் ‘முடியும், முடியும்’ என்று தம்மைத் தாமே உந்தியவர்க்கு ‘உட்கார்’ என்னும் சொல் எத்துணைக் கசக்கும்!

நம் நாட்டுக்கு வருவோம். 1988இல் உலகில் ஆண்டுக்கு 3,50,000 குழந்தைகள் வாதமுற்றதாக மதிப்பிடப்பட்டது. இந்தியாவின் பங்கு அதில் பெரிது. நம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து மூன்று தவணை மட்டும் கொடுத்தால் போதாது என்பதை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் ஆய்ந்து கூறினார். நாடெங்கும் ஒரே நாளில் மருந்தளிக்கும் திட்டம் 1995இல் தொடங்கிற்று. இயற்கையாய்த் திரியும் வைரசால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை நோயுற்றது 2011 ஜனவரி 13ஆம் நாள், மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27ஆம் நாள் நமக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் நோயுற்ற பிள்ளைகள் இப்போது நாற்பதையும் ஐம்பதையும் கடந்துவிட்டனர். மேலே சொன்ன முப்பது நாற்பது ஆண்டு என்னும் கணக்கு அவர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இளம் மருத்துவர் பலரோ போலியோ நோயாளி ஒருவரையும் காணாமலே கல்லூரியை விட்டு வெளியேறுகின்றனர்.

நான் ஆசிரியப் பணியேற்ற நாளில், காலிபர் பூட்டிய மாணவர் ஒருவரேனும் இல்லாத பள்ளி அரிது. அவர்களுள் ஒருவர் இன்று தையற்கடை வைத்திருக்கிறார். இடக்கால் சூம்பியதாதலால் முப்பது ஆண்டுகளாக வலக்காலாலேயே இயந்திரத்தை மிதித்தவர். இரண்டாண்டுகளுக்கு முன் அந்த வலக்காலும் தளரத் தொடங்கியது. வயதாகிறது என்றனர் இருவர். மூன்றாமவர் ஒருவர்தான், ‘உமக்குச் சிறுவயதில் எந்தக் காலில், எப்போது காய்ச்சல் வந்தது?’ என்று தொடங்கி அரைமணி நேரம் கேட்டார். இப்போது அவருடைய இயந்திரத்தில் சிறு மின்மோட்டார் பொருத்தப்பட்டிருக்கிறது. நண்பகலில் ஒருமணி நேரம் கடையைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறார். வாடிக்கைக்காரர்கள் முதலில் முணுமுணுத்தனராம். பிறகு மூன்று மணிக்கு மேல் வரப் பழகிவிட்டனர்.