வீராம்பட்டினம் வழியே வந்த குருமடம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், சிம்பாங் அம்பாட்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் புக்கிட் மெர்தாஜாம். ஜூலை 26, புனித அன்னாள் திருவிழா. மெழுகுவர்த்தி ஏந்திய கூட்டத்தில் தமிழரும் சீனரும் தோளோடு தோள் உரசி நடப்பார்கள். பலிபீடத்தில் நிற்கும் குருவும் இந்த மண்ணின் முகமாகவே இருப்பார். அந்த முகம் அங்கே வந்து நிற்பதற்கு ஒரு நெடும்பயணம் தேவைப்பட்டது.

அந்தப் பயணத்தின் தொடக்கத்தை நான் மறைநூலில் தேடுகிறேன். மத்தேயு நற்செய்தியின் 28ஆம் அதிகாரம், அதிகாரத்தைப் பற்றிப் பேசித்தான் முடிகிறது. விண்ணிலும் மண்ணிலும் முழு அதிகாரம் தமக்கு உண்டு என்கிற இயேசு, அடுத்த மூச்சிலேயே சீடர்களை எல்லா இனத்தாரிடமும் அனுப்புகிறார். அதிகாரம் தரப்பட்டதே அனுப்புவதற்காகத்தான் என்று நான் வாசிக்கிறேன். அப்படியானால் தலைமேல் கைவைத்துக் குருத்துவம் வழங்கும் உரிமை ஐரோப்பியர் கைக்குள்ளேயே இருக்கலாமா?

1659இல் ரோமாபுரி ஆசியாவுக்கு அனுப்பிய ஆயர்களிடம், அந்தந்த நாட்டாரையே குருக்களாக்கச் சொன்னது. 1665இல் சயாமின் அயுத்தியாவில் அதற்கென ஒரு குருமடம் எழுந்தது. பர்மியப் படையெடுப்பு அதைத் துரத்தியது. குருமடத்தார் வியட்நாம் கரையில் ஹோன் தாத் என்ற இடத்தில் ஒதுங்கினார்கள். அங்கே பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற இருபத்தாறு வயதுப் பிரெஞ்சுக் குரு, 1768இல் கழுத்தில் கனத்த மரச்சட்டம் பூட்டப்பட்டுச் சிறையில் கிடந்தார். மறு ஆண்டு கொள்ளையர் தாக்கினார்கள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மலாக்கா வழியாக அவர் 1770இல் வந்து சேர்ந்த இடம், புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள வீராம்பட்டினம்.

நம் மீனவக் குப்பத்துக்குப் பக்கத்தில், வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் இலத்தீன் மொழியைப் பொதுமொழியாக்கி மறைநூல் படித்தார்கள். வியட்நாம் – இலத்தீன் அகராதி ஒன்றைப் பிஞ்ஞோ தொகுத்ததும் புதுச்சேரியில் இருந்த அந்த ஆண்டுகளில்தான். 1774இல் மயிலாப்பூர் சாந்தோமில் அவருக்கு ஆயர் திருப்பொழிவு நடந்தது. புனித தோமையாரின் பெயர் தாங்கிய மண்ணில் அது நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

1782இல் வீராம்பட்டினக் குருமடம் மூடப்பட்டது. 1808இல் பினாங்கில் மறுபடி திறந்தது. அங்கே கற்பித்த பிரெஞ்சுக் குரு சாஸ்தான் 1839இல் கொரியாவில் தலை வெட்டுண்டு மாண்டார். அங்கே படித்த வியட்நாமியர் பிலிப் மின் 1853இல் தம் நாட்டிலேயே மறைசாட்சியானார். இருவரும் இன்று புனிதர்கள்.

பினாங்கின் தஞ்சோங் பூங்கா பகுதியில் அந்தக் குருமடம் இன்றும் இருக்கிறது.

(தொடரும்)